எடின்பரோ யார் பக்கம் இருந்தது?

1747 நவம்பர் 2 அன்று எடின்பரோ நீதிமன்றத்தில் ஜூரிகள் ஒருமனதாகக் 'குற்றமில்லை' என்று சொன்னார்கள். கூண்டில் நின்றவர் ஆர்ச்சிபால்ட் ஸ்டூவர்ட். ஒயின் வியாபாரி. லண்டன் நாடாளுமன்றத்தில் அந்த நகரத்தின் உறுப்பினராக இருந்தவர். இரண்டு வருடம் முன்பு அதே ஊரின் லார்ட் புரோவோஸ்ட், ஏறக்குறைய மேயர் என்று வைத்துக்கொள்ளலாம். 1745 செப்டம்பரில், அரியணையை இழந்த மன்னர் குடும்பத்து இளவரசர் சார்லஸ் எட்வர்டின் மலைநாட்டுப் படை ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் எடின்பரோவுக்குள் நுழைந்தது. ஊரைக் காக்க வேண்டியவர் கடமையில் தவறினார் என்பது வழக்கு. லண்டன் டவரில் அடைக்கப்பட்டு, பெருந்தொகை ஜாமீனில் வெளியே வந்து, கடைசியில் சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் நின்றார். அவர்கள் அவரை விட்டுவிட்டார்கள்.

இந்த வழக்கைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்த ஜூரிகள் தங்களையே விசாரித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்த செப்டம்பரில் 'நீ யார் பக்கம்?' என்ற கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லக்கூடியவர்கள் எடின்பரோவில் குறைவு. பதில் வைத்திருந்தவர்களிலும் பலரால் அதன்படி நடக்க முடியவில்லை.

ஜேக்கபைட் கிளர்ச்சிகள் என்றால் நம் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கும். ஒரு பக்கம் ஸ்காட்லாந்து, மறுபக்கம் இங்கிலாந்து. கம்பளித் துணியும் வாளுமாக வீரர்கள், எதிரே சிவப்புச் சட்டைக்காரர்கள். இது சினிமாவுக்குச் சரி. நடந்தது வேறு. 1746-இல் கிளர்ச்சியை முடித்துவைத்த கலோடன் போர்க்களத்தில் அரசுப் படையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நின்றார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அத்தோல் குடும்பத்தில் ஒரு சகோதரர் அரசாங்கத்தின் டியூக். இன்னொரு சகோதரர் லார்ட் ஜார்ஜ் மர்ரே, இளவரசரின் மிகத் திறமையான தளபதி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1688-இல் ஸ்டூவர்ட் வம்சத்துக் கத்தோலிக்க மன்னர் ஜேம்ஸ் அரியணையை இழந்தார்; சார்லஸ் எட்வர்ட் அவருடைய பேரன். அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் மகுடம் சேர வேண்டும் என்றவர்கள் ஜேக்கபைட்டுகள். புதிய ஏற்பாட்டை, பிறகு ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்த ஜார்ஜ் மன்னர்களை ஏற்றுக்கொண்டவர்கள் விக் கட்சியினர். 1690-இல் ஸ்காட்லாந்தின் அதிகாரபூர்வத் திருச்சபை பிரஸ்பிட்டேரியன் ஆனது. ஆயர்கள் வேண்டும் என்ற எபிஸ்கோபல் சபையினர் வெளியே தள்ளப்பட்டார்கள்; அவர்களில் பலர் ஜேக்கபைட்டுகளாகவே இருந்தார்கள். 1707-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு லண்டனோடு இணைப்பு வந்தது. இதில்தான் சிக்கல். மதத்தால் விக் கட்சியாக இருந்த ஒருவர், இணைப்பை நினைத்து வயிறெரிந்துகொண்டிருக்கலாம். எடின்பரோ முழுக்க அப்படிப்பட்டவர்கள்தான். நாடாளுமன்றம் கூடும்போது ஊருக்கு வந்த பிரபுக்களும், அவர்கள் பின்னால் வந்த காசும், தலைநகரம் என்ற கௌரவமும் எல்லாம் லண்டனுக்குப் போய்விட்டன.

1736-இல் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கள்ளக்கடத்தல் வழக்கில் ஒருவரைத் தூக்கிலிட்ட நாளில் கூட்டம் கல்லெறிய, நகரக் காவல் தலைவர் ஜான் போர்டியஸின் ஆட்கள் சுட்டார்கள், ஆட்கள் இறந்தார்கள். போர்டியஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் அதை ஒத்திவைத்தது. செப்டம்பர் 7 இரவு ஒரு கூட்டம் சிறைக் கதவை எரித்து, அவரை வெளியே இழுத்து வந்து தானே தூக்கில் போட்டது. யார் செய்தது என்று ஊருக்கே தெரிந்திருக்கும். ஒருவர் வாய் திறக்கவில்லை. லண்டனில் கோபம் கொதித்தது. எடின்பரோவின் புரோவோஸ்டைப் பதவிக்குத் தகுதியற்றவராக்கி, ஊருக்கு 2,000 பவுண்டு அபராதம் போட்டு, அந்தப் பணத்தைப் போர்டியஸின் விதவைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். முதலில் கொண்டுவந்த மசோதாவில் ஊர்மதிலின் நெதர்போ வாசலின் கதவுகளையே பிடுங்கி எறிய வேண்டும் என்றும் இருந்தது. பிறகு அதை விட்டுவிட்டார்கள். ஒன்பது வருடம் கழித்து அந்தக் கதவு வழியாகத்தான் மலைநாட்டுப் படை உள்ளே வந்தது.

போர்டியஸைத் தூக்கில் போட்டவர்கள் ஜேக்கபைட்டுகள் இல்லை. ஆனால் லண்டனுக்காக உயிரைக் கொடுக்கத் துடித்தவர்களும் இல்லை. 1745-ஐப் புரிந்துகொள்ள இது போதும் என்று நினைக்கிறேன்.

அதற்கும் முந்தைய 1715 கிளர்ச்சியில் எடின்பரோக் கோட்டையைப் பிடிக்க ஒரு சதி நடந்தது. உள்ளே இருந்த ஒரு சார்ஜென்டுக்குக் காசு கொடுத்து, நூலேணியை மேலே இழுத்துக் கட்ட ஏற்பாடு. சதியில் தாமஸ் ஆர்தர் என்ற முன்னாள் படை அதிகாரி இருந்தார். அவர் தன் சகோதரரிடம் சொன்னார், அந்தச் சகோதரர் ஒரு மருத்துவர். மருத்துவர் முகம் வாடி இருப்பதைப் பார்த்து அவர் மனைவி விசாரிக்க, அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி நீதித்துறையின் உயர் அதிகாரிக்குத் தகவல் அனுப்பினார். சதிகாரர்களும் மதுக்கடையில் நேரத்தை விட்டுவிட்டார்கள், ஏணியும் நீளம் போதவில்லை, கோட்டை தப்பியது. பிடிபட்ட சார்ஜென்டைப் பிறகு தூக்கிலிட்டார்கள். அந்த மருத்துவரின் மனைவியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கொழுந்தனின் கழுத்தா, மன்னரின் கோட்டையா என்ற கேள்வி ஒரு வீட்டின் சமையலறை வரை வந்துவிட்டது. அவர் மன்னரைத் தேர்ந்தெடுத்தாரா, தன் கணவரை அந்த வம்பிலிருந்து மீட்க நினைத்தாரா?

சரி, 1745-க்கு வருவோம். ஆகஸ்ட் 19 அன்று கிளென்ஃபினனில் இளவரசர் கொடியேற்றினார். அரசுத் தளபதி சர் ஜான் கோப் அவரைத் தடுக்க வடக்கே போய், மோதாமலே இன்வர்னெஸ் பக்கம் திரும்பிவிட்டார். எடின்பரோவுக்கான பாதை திறந்து கிடந்தது. கோப் தன் படையை அபர்டீனில் கப்பலேற்றி தெற்கே கொண்டுவர வேண்டும். அதற்குக் காற்று ஒத்துழைக்க வேண்டும். அந்த நாட்களில் எடின்பரோக்காரர்கள் தெருவில் நடக்கும்போதெல்லாம் கோபுர உச்சியில் இருக்கும் காற்றுத்திசைகாட்டிகளை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்களாம். விக் ஆட்களும் பார்த்தார்கள், ஜேக்கபைட்டுகளும் பார்த்தார்கள். வேண்டுதல் மட்டும் வேறு வேறு.

ஊரின் மதில் 1513 ஃப்ளாடன் தோல்விக்குப் பிறகு எழும்பியது. பல இடங்களில் அதன் மேலேயே வீடு கட்டியிருந்தார்கள். பீரங்கி நிறுத்த இடம் கிடையாது. அதைச் சரிசெய்யும் வேலையை ஒரு கணிதப் பேராசிரியர் கையில் எடுத்தார். காலின் மெக்லாரின். பொறியியல் அல்லது கணிதம் படித்தவர்களுக்கு மெக்லாரின் தொடர் ஞாபகம் இருக்கும், அவரேதான். 19 வயதில் அபர்டீனில் பேராசிரியர் ஆனவர். எடின்பரோவுக்கு அவரைக் கொண்டுவர நியூட்டனே தன் கையிலிருந்து ஊதியத்தில் ஒரு பங்கு தர முன்வந்தார். அப்படிப்பட்ட மனிதர் இரவும் பகலும் மதில் மேல் நின்று, லீத் துறைமுகத்துக் கப்பல்களிலிருந்து கொண்டுவந்த பீரங்கிகளை எங்கே வைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வேலையாட்கள் போதவில்லை. புரோவோஸ்ட் இழுத்தடிக்கிறார் என்பது அவர் ஆற்றாமை.

இழுத்தடித்தாரா? ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஏன் என்று கேட்டால் அங்கே இன்னொரு கதை இருக்கிறது. நகரசபைத் தேர்தல் அந்த மாதமே நடக்க வேண்டியிருந்தது. ஸ்டூவர்ட்டின் பரம எதிரி ஜார்ஜ் டிரம்மண்ட், முன்னாள் புரோவோஸ்ட், 1715-இல் ஷெரிஃப்மூர் போரில் அரசுக்காக நின்றவர். ஊரைக் காக்கத் தொண்டர் படை திரட்ட வேண்டும் என்று முன்னணியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். ஆயுதம் ஏந்திய சில நூறு பேர் தன் எதிரியின் பின்னால் தேர்தல் மாதத்தில் அணிவகுப்பதை எந்த மேயர் ரசிப்பார்? அரசரின் அனுமதி இல்லாமல் ஆயுதம் கொடுப்பது சட்டப்படி சரியா என்றும் ஸ்டூவர்ட் கேட்டார். இதை நொண்டிச் சாக்கு என்று அன்றும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் பாதிப் பேர் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, யார் கையில் துப்பாக்கி கொடுக்கிறோம் என்று ஒரு மேயர் யோசிக்கத்தான் வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு. தேவாலயங்களில் காலை ஆராதனை நடக்கும்போதே அபாய மணி அடித்தது. தொண்டர்கள் லான்மார்க்கெட்டில் கூடினார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் நிறையப் பேர். பின்னாளில் ஸ்காட்லாந்தின் அறிவுலகத்துக்கே பெயர் வாங்கித் தந்த வில்லியம் ராபர்ட்சன், ஜான் ஹோம், அலெக்சாண்டர் கார்லைல் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், இருபதுகளின் தொடக்கத்தில். ஊருக்கு வெளியே போய்க் குதிரைப்படையோடு சேர்ந்து எதிரியைச் சந்திப்பது திட்டம். தெருவில் தாய்மார்களும் தங்கைமார்களும் அழுதுகொண்டு நின்றார்கள். பல்கலைக்கழக முதல்வர் விஷார்ட் உள்பட மதகுருக்கள் சிலர் வந்து, மதிலுக்குள் இருந்தே காத்தால் போதும், வெளியே போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். வெஸ்ட் போ சரிவில் இறங்கும்போதே படை கரையத் தொடங்கியது. ஊரெல்லையைத் தாண்டத் தயாராக இருந்தவர்கள் மிகச் சிலர். அந்தப் பையன்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜான் ஹோம் அதற்குப் பிறகும் போராடி, ஃபால்கிர்க் போரில் பிடிபட்டு, டூன் கோட்டைச் சிறையிலிருந்து போர்வைகளைக் கயிறாக முடிந்து இறங்கித் தப்பினார். அவரும் அன்று வெஸ்ட் போவில் நின்றவர்தான். தனி மனிதனுக்குத் துணிவு இருந்தாலும் ஊருக்கு அது இல்லாத நாள் ஒன்று உண்டு. அது அந்த ஞாயிறு.

மறுநாள் அந்தக் குதிரைப்படையே கோல்ட்பிரிட்ஜில் எதிரியின் முன்னணி ஆட்களைப் பார்த்ததும் பின்வாங்கி ஓடியது. இன்று நியூ டவுன் இருக்கும் இடம் அன்று வெறும் வயல்வெளி. ஊர்க்காரர்கள் மதிலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருக்க, மன்னரின் குதிரைகள் அந்த வயல் வழியாக ஓடின. அதற்குப் பிறகு யாருக்கு நம்பிக்கை இருக்கும்? தொண்டர்கள் துப்பாக்கிகளைக் கோட்டைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். நகரசபைக் கூட்டம் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தின் ஒரு பகுதிக்கு மாறியது, அத்தனை கூட்டம். அப்போது யாரோ ஒரு கடிதத்தை உள்ளே நீட்டினார்கள். இளவரசருடையது. ஊரைத் திறந்துவிட்டால் உரிமைகள் காக்கப்படும், எதிர்த்து ஆயுதம் ஏந்தினால் போர்க் கைதிகளாகக்கூட நடத்தப்பட மாட்டீர்கள். படிக்கலாமா வேண்டாமா என்றே சண்டை. கலகக்காரரின் கடிதத்தைப் படிப்பதே ராஜதுரோகம் ஆகிவிடுமோ என்ற பயம். கடைசியில் படித்தார்கள். அவகாசம் கேட்டு, ஊருக்கு வெளியே கிரேஸ் மில்லில் இருந்த இளவரசரிடம் தூது அனுப்பினார்கள்.

தூது போன பிறகுதான் செய்தி வந்தது: கோப்பின் கப்பல்கள் டன்பார் கரையில் தெரிகின்றன. இன்னும் ஒன்றிரண்டு நாள் தாக்குப் பிடித்தால் போதும். எனவே நள்ளிரவில் இன்னொரு தூது, அவகாசத்தை நீட்டிக்க. இளவரசர் அவர்களைப் பார்க்கவே மறுத்துவிட்டார். தூதர்கள் வாடகை வண்டியில் திரும்பி வெஸ்ட் போர்ட் வழியாக ஊருக்குள் வந்து இறங்கிக்கொண்டார்கள். வண்டிக்காரருக்கு வீடும் லாயமும் ஊருக்கு மறுகோடியில், கேனன்கேட்டில். அவர் ஹை ஸ்ட்ரீட் வழியே நேராக ஓட்டிக்கொண்டு நெதர்போ வாசலுக்குப் போனார்.

வாசலுக்கு வெளியே இருட்டில் லோக்கீல் என்ற குலத்தலைவரின் கேமரூன் குலப் படை, சுமார் 900 பேர், பதுங்கி இருந்தது. வழிகாட்டியவர் இளவரசரின் செயலாளர் ஜான் மர்ரே. கோட்டையின் பார்வையில் படாமல் சுற்றி வந்திருந்தார்கள். அரசுக் குதிரைப்படை அதிகாரியின் வேலைக்காரன் போல வேஷம் போட்ட ஒருவரை அனுப்பிக் கதவைத் தட்டிப் பார்த்தார்கள், காவலர்கள் திறக்கவில்லை. விடியப்போகிறது, திரும்பிப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருந்த நேரம், வண்டியை வெளியே விடக் கதவு திறந்தது. உள்ளே பாய்ந்தார்கள். ஊர் கண் விழித்தபோது காவல் நிலைகளில் எல்லாம் மலைநாட்டு ஆட்கள்.

வாசலை 1764-இல் இடித்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் சாலைக் கற்களுக்கு நடுவே பித்தளைத் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு மதுக்கடை, சுற்றுலாக் கூட்டம். அந்த அகலத்தைக் காலால் அளந்து பார்த்தால் ஒரு வண்டி போகத்தான் இடம். வேண்டுமென்றே செய்தார்கள், முன்கூட்டியே பேசி வைத்த நாடகம் என்று பின்னால் குற்றம் சாட்டினார்கள். எனக்கு அந்த வண்டிக்காரர் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. விடிய விடிய வண்டி ஓட்டியவர் வீட்டுக்குப் போகத்தான் நினைத்திருப்பார்.

அன்று மதியம், ஊரில் அரச அறிவிப்புகள் செய்யும் இடமான மெர்கட் கிராஸில் அரச கட்டியக்காரர்களை அவர்களுடைய முழு அலங்கார உடையோடு நிறுத்தி, இளவரசரின் தந்தையை எட்டாம் ஜேம்ஸ் மன்னராக அறிவிக்கச் செய்தார்கள். செயலாளர் மர்ரேயின் மனைவி குதிரை மேல் உருவிய வாளோடு அமர்ந்து, கூட்டத்துக்கு ஜேக்கபைட் சின்னமான வெள்ளை நாடாப் பூக்களைக் கொடுத்தார். மாடி சன்னல்களில் பெண்கள் கைக்குட்டை அசைத்தார்கள். ஆண்களில் பலர் சும்மா நின்றார்கள். ஹோலிரூட் அரண்மனை வாசலில் ஜேம்ஸ் ஹெப்பர்ன் என்ற நடுவயதைக் கடந்த கனவான் கூட்டத்திலிருந்து வெளியே வந்து, வாளை உருவி உயர்த்திப் பிடித்து, இளவரசருக்கு முன்னால் படியேறினார். 1715-லும் கிளர்ச்சியில் இருந்தவர். அவருக்கு மன்னர்களின் பிறப்புரிமையில் நம்பிக்கையே கிடையாது. பழைய ஜேம்ஸின் ஆட்சியைத் தவறு என்றே சொல்வார். அவரை அங்கே கொண்டுவந்தது 1707 இணைப்பின் மேல் இருந்த ஆத்திரம் ஒன்றுதான். ஸ்டூவர்ட் வம்சத்தின் வெற்றி ஊர்வலத்தில் முதலாவதாக நடந்தவர் அந்த வம்சத்தையே நம்பாதவர். இதைப் படித்த பிறகு 'ஜேக்கபைட்' என்ற ஒற்றைச் சொல்லால் யாரையும் முடித்துவிட எனக்குத் துணிவு வரவில்லை.

செப்டம்பர் 21 காலை பிரஸ்டன்பான்ஸில் கோப்பின் படை சில நிமிடங்களில் சிதறியது. அடுத்த நாள் ஞாயிறு. பெரும்பாலான மதகுருக்கள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள், தேவாலயங்கள் பூட்டிக் கிடந்தன. கோட்டைக்குக் கீழே இருந்த வெஸ்ட் கிர்க்கின் நீல் மெக்விக்கர் மட்டும் பிரசங்கம் செய்வேன் என்று நின்றார். மன்னருக்காக அவர் ஜெபித்ததை இப்படிச் சொல்வார்கள்: ஆண்டவரே, மன்னரை ஆசீர்வதியும், எந்த மன்னரைச் சொல்கிறேன் என்று உமக்குத் தெரியும். எங்கள் நடுவே மண்ணுலக மகுடம் தேடி வந்திருக்கும் இந்த இளைஞரை உம்மிடம் சேர்த்துக்கொண்டு, அவருக்கு விண்ணுலக மகுடத்தைத் தாரும். சபையில் மலைநாட்டுச் சிப்பாய்களும் உட்கார்ந்திருந்தார்களாம். இளவரசரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டதாகவும் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் அந்த ஜெபத்துக்கு நெஞ்சுறுதி வேண்டும்.

அடுத்தது பணம். ஊர் கலகக்காரர் கையில் இருந்தாலும் கோட்டை மன்னர் கையில்தான் இருந்தது. கெஸ்ட், பிரஸ்டன் என்ற இரண்டு தளபதிகள், இருவரும் எண்பதைத் தாண்டியவர்கள், விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வங்கிகள் தங்கத்தையும் கணக்குப் புத்தகங்களையும் முன்னமே கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்திருந்தன. இரண்டு வங்கிகளில் பழைய பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து மேல் ஜேக்கபைட் வாடை உண்டு என்று பேச்சு. 1727-இல் வந்த ராயல் பேங்க் விக் ஆட்களுடையது. அந்த ராயல் பேங்கின் காசாளர் ஜான் கேம்பெல். அக்டோபர் 1 அன்று செயலாளர் மர்ரே அவரிடம் 857 பவுண்டுக்கான ராயல் பேங்க் நோட்டுகளை நீட்டி, நாணயமாகத் தரச் சொன்னார். தராவிட்டால் இயக்குநர்களின் சொத்தில் கை வைப்போம் என்று மிரட்டல். கேட்டால் பணம் தருவோம் என்று நோட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறது வங்கி. எதிரி நீட்டினால் நோட்டு செல்லாது என்று சொன்னால், நாளைக்கு வேறு யார் அந்த நோட்டை நம்புவார்கள்?

கேம்பெல் இரண்டு பக்கமும் அனுமதி வாங்கிக்கொண்டு, வெள்ளைக்கொடியோடு கோட்டை மேட்டில் ஏறினார். உள்ளே போய் மன்னரின் தளபதிகள் கண்முன்னாலேயே தங்கத்தை எடுத்துவந்தார். அந்தத் தங்கம் மன்னருக்கு எதிரான படைக்குப் போய்ச் சேர்ந்தது, இங்கிலாந்து நோக்கிய படையெடுப்புக்கு உதவியது. நடந்ததை எல்லாம் நாள்வாரியாகக் குறித்தும் வைத்தார். இந்தக் கதையிலேயே என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் கேம்பெல்தான். மன்னரா, இளவரசரா என்ற கேள்விக்கு வெளியே, தன் வங்கியின் வாக்கு என்ற ஒன்றுக்கு அவர் விசுவாசமாக இருந்தார். 1749-இல் ஓவியர் வில்லியம் மாஸ்மன் அவரை வரைந்த படம் இருக்கிறது. ஹனோவர் ஆதரவு வங்கியின் காசாளர், முழு மலைநாட்டு உடையில், வாளும் கைத்துப்பாக்கியும் செருகி, பக்கத்தில் ஒரு ராயல் பேங்க் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஸ்காட்லாந்தில் ஆண்கள் அந்த உடையைப் போடக் கூடாது என்று 1746 சட்டம் தடை விதித்து, அது அமலில் இருந்த நேரம் அது.

அதே அக்டோபர் முதல் வாரத்தில் ஜேக்கபைட்டுகள் கோட்டைக்கு உணவு போகாமல் மறித்தார்கள். கோட்டை ஊரின் மேல் பீரங்கியால் சுட்டது. வீடுகள் நொறுங்கின, சிலர் இறந்தார்கள். எந்த மன்னருக்காகத் தொண்டர்கள் கூடினார்களோ, அந்த மன்னரின் குண்டு அவர்கள் கூரையில் விழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் கெஞ்ச, முற்றுகையை விலக்கிக்கொண்டவர் இளவரசர். ஆனால் அதே இளவரசரின் ஆட்கள்தான் ஊரிடம் 1,000 கூடாரம், 2,000 கேடயம், 6,000 ஜோடி செருப்பு கேட்டு, வீட்டு வாடகையில் பவுண்டுக்கு அரை கிரவுன் வரியும் போட்டார்கள். செருப்புத் தைத்தவர்கள் எல்லாரும் ஜேக்கபைட்டுகளா? ஊரில் சேர்ந்த ஆட்களையும், பிரஸ்டன்பான்ஸில் பிடிபட்ட அரசுச் சிப்பாய்களில் பக்கம் மாறியவர்களையும் வைத்து ஜான் ராய் ஸ்டூவர்ட் எடின்பரோ ரெஜிமென்ட் என்று ஒன்றையே உருவாக்கினார். மாறியவர்களை அரசு பிறகு பிடித்தபோது தப்பியோடியவர்கள் என்று தூக்கில் போட்டது.

நவம்பர் 1-இல் படை கிளம்பியது. மாத நடுவில் நீதிபதிகளும் அதிகாரிகளும் திரும்பி வந்தார்கள். ஜனவரி முடிவில் மன்னரின் மகனும் அரசுப் படைத் தளபதியுமான கம்பர்லாந்து டியூக் வந்து அதே ஹோலிரூட்டில் தங்கினார். கலோடனுக்குப் பிறகு 1746 ஜூன் 4 அன்று பிடிபட்ட கொடிகள் 14, புகைக்கூண்டு துடைப்பவர்கள் கையில் ஊர்வலமாக வர, இளவரசரின் கொடியைத் தூக்கிலிடுபவர் ஏந்தி வர, மெர்கட் கிராஸில் எரித்தார்கள். ஜேம்ஸை மன்னர் என்று அறிவித்த அதே இடம். பத்து நாள் கழித்து மெக்லாரின் இறந்துபோனார், 48 வயதில். ஊர் விழுந்ததும் யார்க்குக்குத் தப்பிப்போனவர், அலைச்சலும் குளிரும் உடம்பைத் தின்றுவிட்டன. ஸ்டூவர்ட் மேல் அவருக்கு இருந்த கோபம் நியாயமானது. ஸ்டூவர்ட்டைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரிகளும் நியாயமானவர்கள். தன் நண்பர் ஸ்டூவர்ட்டுக்காகத் தத்துவஞானி டேவிட் ஹியூம் ஒரு துண்டுநூலே எழுதினார்: இடிந்த மதிலும் பயிற்சியில்லாத ஆட்களும் இருக்கும்போது, படையே ஓடிவிட்ட பிறகு, ஒரு நகராட்சித் தலைவரிடம் என்ன எதிர்பார்த்தீர்கள் என்பது அதன் சாரம். டிரம்மண்ட் மீண்டும் புரோவோஸ்ட் ஆனார். இன்றைய எடின்பரோவின் புதிய நகரத்துக்கு வித்திட்டவர் அவர்தான். அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வாசலைத் திறக்க வழிகாட்டிய ஜான் மர்ரே பிடிபட்டதும் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். அவர் சாட்சியம் ஜேக்கபைட் பிரபு லார்ட் லோவட்டின் தலையை வாங்கியது. பல வருடம் கழித்து, எடின்பரோ வழக்கறிஞர் ஒருவர் வீட்டுக்கு இரவில் முகம் தெரியாமல் ஒரு கட்சிக்காரர் வந்துபோவார். யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட மனைவி ஒருநாள் தேநீர்த் தட்டோடு உள்ளே நுழைந்தார். வந்தவர் ஒரு கோப்பை எடுத்துக் குடித்தார். அவர் போன கையோடு வழக்கறிஞர் சன்னலைத் திறந்து அந்தக் கோப்பையை வெளியே எறிந்து உடைத்தார். தொழில் என்று வந்தால் யாரையும் வீட்டுக்குள் விடுவேன், ஆனால் மர்ரேயின் உதடு பட்ட பாத்திரத்தில் என் வீட்டு உதடு படாது என்றாராம். அந்த வழக்கறிஞர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் அப்பா. அவர் ஜேக்கபைட் இல்லை, பிரஸ்பிட்டேரியன், சட்டத்தை மதிக்கும் விக். இளவரசரின் எதிரிக்குக்கூட இளவரசரைக் காட்டிக்கொடுத்தவரைப் பிடிக்கவில்லை.

கடைசியாக ஒரு ஜோடி. ராபர்ட் ஸ்ட்ரேஞ்ச் எடின்பரோவில் செப்புத்தகட்டில் படம் செதுக்கும் இளம் கலைஞர். அரசியலில் பெரிய ஈடுபாடு கிடையாது. அவர் காதலித்த இசபெல்லா லமிஸ்டன் தீவிர ஜேக்கபைட், அவர் சகோதரர் ஆண்ட்ரூ இளவரசரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இளவரசருக்காக வாள் எடுத்தால்தான் கல்யாணம் என்றார் இசபெல்லா. ஸ்ட்ரேஞ்ச் எடுத்தார். இளவரசரின் உருவத்தைச் செதுக்கினார், படைக்குப் பணநோட்டு அச்சடிக்கத் தகடு தயாரித்தார், கலோடன் வரை போனார். தேடி வந்த சிப்பாய்களிடமிருந்து இசபெல்லாவின் அகன்ற வளையப் பாவாடைக்குள் ஒளிந்து தப்பினார் என்ற கதை உண்டு. கல்யாணம் நடந்தது. காலப்போக்கில் ஐரோப்பாவின் புகழ்பெற்ற செதுக்குக் கலைஞர்களில் ஒருவரானார். 1787-இல் மூன்றாம் ஜார்ஜ், அதே ஹனோவர் வம்சத்து மன்னர், அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்.

அதனால் இசபெல்லாவும் லேடி ஸ்ட்ரேஞ்ச் ஆனார். ஆனால் யாராவது அவர் முன்னால் இளவரசரைப் 'போலி வாரிசு' என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். போலியா, நாசமாய்ப் போ என்று முகத்துக்கு நேரே திட்டிவிடுவாராம்.